சாப்பாட்டு மேசையில் இரண்டு முள்ளம்பன்றிகள்

அன்புள்ள மகனுக்கு,

உன் அத்தை சேலத்தில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருப்பது உண்மையல்ல. நான் காசு வைத்துச் சீட்டாடவில்லை. சமையலுக்கு வரும் பழனியம்மாளிடம் என் வளையலைத் தோற்கவும் இல்லை. திருகு தளர்ந்துவிட்டதால் அதைக் கழற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன். தனியாக இருந்து இருந்து எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பதும் தவறு. இன்று காலையில்கூடப் பதினேழாம் வாய்ப்பாட்டை இறுதிவரை சொல்லிப் பார்த்தேன், எங்கும் நிற்கவில்லை. உன் அத்தை முன்னறிவிப்பு இல்லாமல் வந்து கதவைத் தள்ளிய நேரத்தில், நானும் பழனியம்மாளும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, சீட்டை மேசையில் அடித்து வைத்து, "கடி, கடி" என்று கத்திக்கொண்டிருந்தோம் என்பது மட்டும் உண்மை. மேசையில் குவிந்து கிடந்தது காசு இல்லை, காப்பிக்கொட்டை. கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தால் அவளுக்கே தெரிந்திருக்கும். ஐம்பது வயதிலிருந்து கண்ணாடி போட மறுத்து வருகிறவள் அவள்.

நாங்கள் ஆடியது உன் சீட்டுகளை வைத்து. இதை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும், அத்தை வழியாக அது உன் காதுக்கு வரக்கூடாது. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். போன கிறிஸ்துமஸுக்கு நீயும் உன் மனைவியும் வந்திருந்தபோது, நீ அந்தச் சிறிய பெட்டியை இதே மேசையில் என் தட்டுக்கு அருகில் வைத்தாய். "நான் பண்ணின விளையாட்டுங்கம்மா. ரெண்டு பேர் ஆடறது. பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும்" என்றாய். நான் அதைத் திறக்கவில்லை. ஒரு விரலால் தள்ளி வைத்துவிட்டு, முப்பத்தெட்டு வயதில் வேலையை விட்டுவிட்டு மிருகப் படம் போட்ட சீட்டு செய்துகொண்டிருக்கிறாயா என்று உன் மனைவிக்கு முன்னாலேயே கேட்டேன். நீ சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றாய். "இதையும் எரிச்சிருங்கம்மா. இதுக்குப் பின்னால சாமி படம் எதுவும் இல்ல, ஜெபம்கூடச் சொல்ல வேண்டியதில்ல" என்றாய். மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கிப் போய்விட்டாய். அதற்குப் பின் எட்டு மாதமாக நீ என்னோடு பேசவில்லை, நானும் உன்னோடு பேசவில்லை. உன் மனைவி மட்டும் ஞாயிறுதோறும் போன் செய்கிறாள். அடுத்த மாதம் உன் ஆட்டம் பெரிய அளவில் அச்சுக்குப் போகிறது என்று அவள் சொன்னாள். அச்சாகிவிட்டால் திருத்த முடியாத ஒன்று அதில் இருக்கிறது. அதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

பெட்டியைத் திறந்தது நான் இல்லை. அது அலமாரியின் மேல்தட்டில் கிடந்தது. ஆடி மாதத்து மழை ஒரு வாரமாக விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மதியத்தில் கரண்ட் போய்விட்டது. வீட்டுக்குப் போக நாகலூர் பஸ் வருமா வராதா என்று தெரியாமல் பழனியம்மாள் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்கம்மா, இதென்ன, வத்திப்பெட்டியாட்டம்?" என்று கீழே இறக்கினாள். வை அதை என்றேன். அதற்குள் மூடியை எடுத்துவிட்டாள். "அட, எறும்பு திங்கற அலங்கு! இங்க பாருங்க, மரநாய்! இந்தக் கழுதைதானுங்க எங்க லயத்து ஊட்டுக்குப் பின்னால பழுத்த காப்பிப் பழமாப் பாத்துப் பாத்துத் திங்கும். நம்மளவிடப் பழம் பொறுக்கத் தெரியுமுங்க அதுக்கு" என்று ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினாள். முப்பத்தோரு வருடம் காப்பி பறித்தவள் அவள். எழுத்துத் தெரியாது, எண் தெரியும். விதித்தாளை என்னிடம் நீட்டி, "படிங்க டீச்சரம்மா, என்ன போட்டிருக்குதுன்னு" என்றாள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றுதான் வாங்கினேன். மூன்று இருந்தன. சிவப்புப் பேனாவால் குறித்துவிட்டு, வாங்கிய பிறகு முழுவதும் படிக்காமல் வைப்பது முறையல்ல என்பதால் முழுவதையும் படித்தேன்.

படித்தபோது எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், தவறாக இருந்தால் சொல். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு விலங்குகள், அதே பன்னிரண்டு. கையில் எப்போதும் மூன்று சீட்டு. உயிருக்கு ஆறு சில்லு. ஒருவர் ஒரு விலங்கைக் களத்தில் வைக்க வேண்டும், எதிராளி தன் கையில் இருப்பதில் ஒன்றை வைத்து அதைத் தாக்க வேண்டும். எண் பெரியது நிற்கும், சிறியது விழும், விழுந்த விலங்கை வைத்தவர் ஒரு சில்லு இழப்பார், ஆறும் போனால் தோல்வி. எண் சமமானால் முதலில் வைத்தது விழும். காட்டெருமைக்குப் பத்து, தேவாங்குக்கு ஒன்று. ஆனால் தேவாங்கை வைத்தவர் எதிராளியின் கையில் உள்ள ஒரு சீட்டைப் பார்த்துக்கொள்ளலாம். முள்ளம்பன்றிக்கு எண்ணே இல்லை. அது யாரையும் தாக்காது, அதைத் தாக்குகிறது எதுவானாலும் விழும். இவ்வளவுதான். மனக்கணக்குக்கு நல்ல பயிற்சி, பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் ஐந்தாம் வகுப்புக்கு வாங்கச் சொல்லியிருப்பேன். ஒரு குறை. நீ வைத்திருக்கும் காகிதச் சில்லு ஜன்னல் காற்றுக்கே பறக்கிறது. நாங்கள் அன்றே அதை விட்டுவிட்டுப் பழனியம்மாள் மடியிலிருந்து எடுத்துத் தந்த காப்பிக்கொட்டைக்கு மாறினோம்.

முதல் ஆட்டத்தில் தோற்றேன். இரண்டாவதிலும் தோற்றேன். ஆறு நிமிடத்தில் என் ஆறு கொட்டையும் போய்விட்டது. நான் கையில் இருப்பதில் பெரிய எண்ணைப் பார்த்து முதலிலேயே வைத்துவிடுகிறேன், அவள் வைப்பதில்லை. கையில் காட்டெருமையை வைத்துக்கொண்டு முகத்தில் எதுவும் தெரியாமல் அணிலையும் கீரியையும் சாகக் கொடுக்கிறாள். பத்து முறை அவள் அப்படிச் செய்த பிறகு, அது எப்படி உனக்குப் பொறுமை வருகிறது என்று கேட்டேன். "பச்சைக் காயில கை வெச்சா மேஸ்திரி கூடையக் கவுத்துப்போடுவானுங்க. செவந்தாத்தான் தொடோணும். செவக்காதத உட்டுட்டுப் போயிரோணும், அது எங்கயும் போயிராது" என்றாள். அடுத்த நிமிடமே, "நீங்க பெரிய படிப்புப் படிச்சீங்கதான். ஆனா கையில ஒண்ணு கிடைச்சா ஓங்கி அடிச்சாத்தான் உங்களுக்குத் தூக்கம் வரும். போடுங்க, போடுங்க" என்று சிரித்தாள். இருபது வருடமாக இந்த வீட்டில் வேலை செய்கிறவள், இதற்கு முன் ஒருநாளும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. நான் அடுத்த சீட்டை வைத்தேன். கண்டித்திருக்க வேண்டும் என்று அன்று தோன்றியது, இன்று தோன்றவில்லை. அதிலிருந்து தினமும் மதியம் சாப்பாடு முடிந்ததும் மூன்று ஆட்டம். மூன்றுக்கு மேல் கிடையாது, அது என் விதி.

இப்போது காட்டெருமையைப் பற்றி எழுத வேண்டும். விதித்தாளைத் திருத்திய அதே பேனாவால் சில சீட்டுகளையும் திருத்தினேன். அலங்கின் வால் குட்டை என்று பழனியம்மாள் சொன்னாள், குறித்தேன். காட்டெருமையின் கால்களில் முழங்காலுக்குக் கீழே வெள்ளை சரியாக வந்திருந்தது. ஆனால் இடது கொம்பு கோணல். வலது கொம்பு நன்றாக வளைந்து மேலே போகிறது, இடது கொம்பு பாதி வழியில் ஒடிந்து பக்கவாட்டில் திரும்புகிறது. அலங்கின் வால் தவிர மற்ற எல்லாவற்றையும் இவ்வளவு நேர்த்தியாக வரைந்தவன் இதில் மட்டும் கவனம் தவறிவிட்டான் என்று நினைத்து, கொம்பைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டேன். பழனியம்மாள் அந்தச் சீட்டைக் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். "இதை எதுக்குங்கம்மா கிறுக்கினீங்க? இது நம்ம ரைட்டரய்யா போடற மாடுங்க" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள்தான் சொன்னாள். எஸ்டேட்டில் காலையில் ஆள் கூடுகிற ஸ்டோர் வாசலில் ஒரு கரும்பலகை இருக்குமாம். எந்தக் காப்பிக் காட்டில் இன்றைக்குப் பறிப்பு என்று, எஸ்டேட் ரைட்டர் என்ற முறையில் உன் அப்பா அதில் எழுதுவாராம். காட்டெருமை இறங்கியிருக்கிற பக்கத்துக்கு எழுத்துக்குப் பதிலாக ஒரு மாட்டை வரைந்து வைப்பாராம், பறிக்கிற பெண்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது என்பதால். "ரைட்டரய்யாவுக்கு எடது கொம்பு மட்டும் வராதுங்க. தெனமும் அழிச்சு அழிச்சுப் போடுவாரு, தெனமும் கோணிக்கும். நாங்க எல்லாம் சிரிப்போம். 'சிரிங்க, சிரிங்க, அந்தப் பக்கம் போனீங்கன்னா அது உங்களப் பாத்துச் சிரிக்கும்'பாரு. ஒரு பொம்பளையக்கூட மாடு முட்டினதில்லைங்க அவரு இருந்த வரைக்கும்." நான் ஆள் கூடுவதற்கு முன்பே முதல் பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறவள். முப்பத்து நான்கு வருடம் அவரோடு வாழ்ந்தேன், அந்தப் பலகையை நான் பார்த்ததே இல்லை. நீ பார்த்திருக்கிறாய். விடுமுறை நாள்களில் அவர் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போவார். அந்தக் கொம்பைத் திருத்தாதே. என் சிவப்பு வட்டத்தை அழிக்க முயன்றேன், சீட்டின் மேலிருக்கும் மெருகு உரிகிறது, வட்டம் போகவில்லை. அந்த ஒரு சீட்டு கெட்டுப்போனதற்குப் பொறுப்பு நான்.

நீ எழுந்து நின்று சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். அப்போது உனக்கு ஒன்பது வயது. நான் கான்வென்ட்டில் படித்த பன்னிரண்டு வருடத்தில் சிஸ்டர்கள் பரிசாகக் கொடுத்த புனிதர் படங்கள் நாற்பது என்னிடம் இருந்தன. முதல் மார்க்குக்கு ஒன்று, நல்ல கையெழுத்துக்கு ஒன்று, ஒரு வருடம் முழுவதும் தாமதமாக வராததற்கு ஒன்று. எல்லாம் பாதிரியார் ஜெபித்து மந்திரித்த படங்கள். பிஸ்கட் டப்பாவில் அடுக்கி, யாரும் தொடாத இடத்தில் வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை அதைத் திறந்தபோது, நாற்பது படத்தின் வெற்றுப் பின்புறத்திலும் மிருகங்கள் நின்றன. வானதூதர் மிக்கேல் சம்மனசுக்குப் பின்னால் காட்டெருமை, அந்தோணியாருக்குப் பின்னால் தேவாங்கு, மூலையில் மையில் எண்கள். நீ ஓடவில்லை, மறுக்கவில்லை. "விளையாடறதுக்குங்கம்மா" என்று மட்டும் சொன்னாய். வேறு யாராவது இருந்தால் குப்பையில் போட்டிருப்பார்கள், விஷயம் அத்துடன் முடிந்திருக்கும். மந்திரித்த படத்தைக் குப்பையில் போடக்கூடாது, எரித்து, சாம்பலைக் கால் படாத இடத்தில் கொட்ட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அதனால் உன்னை வெந்நீர் அடுப்புக்கு முன்னால் மணையில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாகப் போடச் சொன்னேன். போடும்போது அந்தந்தப் புனிதரின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்கச் சொன்னேன்.

நீ சொன்னாய். புனித செபஸ்தியாரே, என்றாய். பிறகு படத்தைத் திருப்பிப் பார்த்து, குரல் தாழ்த்தி, மரநாயே, என்றாய். புனித அந்தோணியாரே. தேவாங்கே. நாற்பது படமும் அப்படியே. அழவில்லை. அதை நான் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன். உன் அப்பா மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர், பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கடைசிப் படம் வரை நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. சாம்பலை ரோஜாச் செடிக்குக் கொட்டச் சொன்னேன். கொட்டிவிட்டுக் கை கழுவி வந்து சாப்பிட்டாய்.

அன்று சாயங்காலம் நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தபோது உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "டீச்சர், அதுல பாதி நான் போட்டது" என்றார். தினமும் மதியம் அவரும், எஸ்டேட் பள்ளியிலிருந்து நீயும் சாப்பாட்டுக்கு வரும்போது, நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் அந்த அரை மணி நேரத்தில், நீங்கள் இரண்டு பேரும் ஆடிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். டப்பாவை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். பின்னால் வெறும் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று நினைத்தாராம். "பையன மட்டும் உக்கார வெச்சுட்ட. அவன் என்னையக் காட்டிக் குடுக்கல பாரு. காலைல அவங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடு. நீ சொன்னாத்தான் சரியா இருக்கும்" என்றார். அடுப்பு எரியும்போதே அதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். வாய் திறக்கப் பயம் என்பதுதான் பதில், அது எனக்குத் தெரியும்.

நான் சொல்லவில்லை. கொடுத்த தண்டனையைத் திரும்பப் பெறுகிற டீச்சருக்கு வகுப்பு அடங்காது என்பது என் கொள்கை. நாற்பது பிள்ளைகளுக்கு அது சரியாக இருக்கலாம், ஒரு மகனுக்கு அதையே வைத்திருந்தேன். மறுநாள் வேண்டாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்றுகூட நினைக்கவில்லை, சொல்ல வேண்டியதில்லை என்றே முடிவு செய்தேன். அதற்குப் பின் உன் அப்பா வீட்டில் எதையும் வரைந்து நான் பார்த்ததில்லை. அவருக்கு வரையத் தெரியாது என்றே நாளடைவில் நினைத்துவிட்டேன். ஸ்டோர் பலகையில் அவர் ஓய்வு பெறுகிற நாள் வரை வரைந்துகொண்டிருந்தார் என்பதை உன் சீட்டைப் பார்த்துப் பழனியம்மாள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்தத் தண்டனை தவறு. உனக்குக் கொடுத்ததும் தவறு, உனக்கு மட்டும் கொடுத்ததும் தவறு. உன் அப்பா அன்றே தன் பங்கை ஒப்புக்கொண்டு, உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னதை இத்தனை வருடம் மறைத்தது மூன்றாவது தவறு. இதைப் படித்து நீ இளக வேண்டும் என்று எழுதவில்லை. உனக்குத் தெரியாத ஒரு தகவல் என்னிடம் இருந்தது, அது இனி உன்னிடம் இருக்கட்டும்.

வேலையை விட்டதைப் பற்றி என் கருத்து மாறவில்லை. விடுவதற்கு முன் உன் மனைவியிடம் கேட்டாயா என்று அவளிடமே கேட்டேன். கேட்டாய் என்றாள், அது போதும். ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ செய்ததை யாராவது ஒரு விரலால் தள்ளி வைத்தால், அங்கேயே நின்று, திறந்து பாருங்கள் என்று இரண்டாம் முறை சொல். பஸ் ஏறிப் போய்விடாதே. உன் அப்பாவும் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்தான். பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருப்பதை நீ அவரிடமிருந்து எடுத்துக்கொண்டாய். பேசாமலே மாதக் கணக்கில் இருக்க முடிவது என்னிடமிருந்து வந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் வீட்டில் இருக்கிற இன்னொருத்திக்கு அது கஷ்டம். அவள் ஞாயிறுதோறும் எனக்குப் போன் செய்வது எனக்காக மட்டும் இல்லை என்று நினைக்கிறேன்.

இனி அச்சுக்குப் போகும் முன் நீ சரி செய்ய வேண்டிய விஷயம். போன செவ்வாய்க்கிழமை மூன்றாவது ஆட்டத்தில் எனக்கும் பழனியம்மாளுக்கும் ஆளுக்கு ஒரு கொட்டைதான் மிச்சம். அவள் முறை. முள்ளம்பன்றியை வைத்தாள். கடைசிக் கொட்டையில் முள்ளம்பன்றியை வைத்தால் தோற்க முடியாது என்று அவளுக்குத் தெரியும், அதற்காகத்தான் அதை முதலிலிருந்தே கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் அவளிடம் கற்றுக்கொண்டு என்னுடையதைப் பிடித்து வைத்திருந்தேன். வேறு எதை வைத்தாலும் எனக்குத் தோல்வி. என் முள்ளம்பன்றியை எதிரே வைத்தேன். இரண்டும் தாக்காது. தாக்காததால் இரண்டும் விழாது. எண் இல்லாததால் சமம் என்ற விதியும் செல்லாது. களத்தில் நிற்கிற விலங்கு விழும்வரை அதை யாரும் கையில் எடுக்கக்கூடாது என்பது நீ எழுதிய எட்டாம் விதி. ஆகவே ஆட்டம் அங்கேயே நின்றுவிட்டது. உன் நண்பர்களோடு ஆடிப் பார்த்தபோது உனக்கு இது தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. இளையவர்கள் முள்ளம்பன்றியை முதல் இரண்டு நிமிடத்திலேயே செலவழித்துவிடுவார்கள். கடைசிவரை அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறவர்கள் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் மட்டுமே இது நடக்கும்.

பழனியம்மாளிடம், நீ முதலில் வைத்தாய், நீ எடு என்றேன். "நான் ஏனுங்க எடுக்கோணும்? நீங்க எடுங்க" என்றாள். விதியில் இல்லை என்றேன். "விதி போட்டவரு இருக்கறாருல்ல? அவரக் கேளுங்க. உங்க மவந்தான?" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சீட்டுகளைப் பார்த்தாள். "ரெண்டும் முள்ள நிமித்திக்கிட்டு நிக்கறதப் பாருங்க. ஒண்ணும் கடிக்கவும் கடிக்காது, ஒண்ணும் நகரவும் நகராது. இதை இந்த ஊட்டுல முன்னாடியே நொம்ப நாளாப் பாத்துக்கிட்டு இருக்கறேன்" என்றாள். யாரைச் சொல்கிறாய் என்று கேட்டேன். "ஆரைச் சொன்னனுங்க? சீட்டைச் சொன்னேன்" என்று பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

ஆட்டத்தைப் பாதியில் கலைப்பதில்லை என்பதில் நாங்கள் இருவரும் உறுதி. அதனால் அந்த இரண்டு சீட்டும் மேசையிலேயே இருக்கின்றன, ஆளுக்கு ஒரு காப்பிக்கொட்டையோடு. காற்றில் பறக்காமல் இருக்கச் சாப்பாடு மூடுகிற வலைமூடியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஐந்து நாளாக நான் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். உன் அத்தை இதையும் பார்த்தால் என்ன சொல்வாள் என்று தெரியும், சொல்லட்டும்.

என் யோசனையை எழுதுகிறேன், ஏற்றுக்கொள்வது உன் விருப்பம். இரண்டு முள்ளம்பன்றியும் நேருக்கு நேர் வந்தால், வயதில் மூத்தவர் தன் சீட்டை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொண்டதற்காக அவருக்குக் கொட்டை குறையக்கூடாது. அவர் எடுத்த உடனே இளையவரும் தன்னுடையதை எடுத்துவிட வேண்டும், காத்திருக்கக்கூடாது. பிறகு வேறு சீட்டோடு ஆட்டம் தொடரலாம். பழனியம்மாளைவிட எனக்கு நான்கு வயது கூடுதல், ஆகவே இந்த மேசையில் முதலில் எடுக்க வேண்டியவள் நான். எடுக்கத் தயாராக இருக்கிறேன். ஆனால் ஆட்டத்தைச் செய்தவன் சொல்லாமல் நானாக ஒரு விதியைச் சேர்ப்பது முறையல்ல.

இது சரியா, இல்லையா என்று எழுதி அனுப்பு. போனில் சொல்ல வேண்டாம், உன் மனைவியிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். விதித்தாளில் எட்டாம் விதிக்குக் கீழே ஒட்டிக்கொள்கிற அளவுக்கு, உன் கையெழுத்தில், ஒரு தாளில் எழுதித் தபாலில் போடு.

அம்மா